சிங்கத்தின் கட்டியங்காரன்



தலைப்பைப் பார்த்துவிட்டுத் தெருக்கூத்து பற்றிய பேச்சு என்று யாரேனும் வந்திருந்தால் முதலிலேயே மன்னித்துவிடுங்கள். நாம் போகப்போவது விக்டோரியா காலத்து லண்டனுக்கு. ஆனால் போகிற வழி கூத்துக்களத்தின் ஊடாகத்தான்.

கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? திரைக்குப் பின்னால் ராஜா வந்து நிற்கும்போது அவருடைய பெருமைகளை அடுக்கி, பராக்குச் சொல்லி, அவையை ஆயத்தப்படுத்துகிறவன் அவன். திரை விலகியதும் அதே ராஜாவை "ஆமா, நீ யாரு? எந்த ஊரு?" என்று வம்புக்கு இழுக்கிறவனும் அவனே. மீசையைக் கிண்டல் செய்வான், கிரீடம் ஆடுகிறது என்பான். சனங்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ராஜா கோபித்துக்கொள்ள மாட்டார். விடியவிடியக் கேலி செய்தாலும் ராஜாவின் நாற்காலியை அவன் ஓர் அங்குலம்கூட நகர்த்த மாட்டான் என்பது ராஜாவுக்கும் தெரியும், களத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும்.

பிரிட்டிஷ் அரசின் ஏகாதிபத்தியக் கொள்கைகளை வாராவாரம் படம் போட்டுக் கேலி செய்த 'பஞ்ச்' இதழ் பார்த்தது இந்தக் கட்டியங்கார வேலையைத்தான் என்பது என் எண்ணம். அந்தப் படங்களைப் பார்த்து, "அடடா, அந்தக் காலத்திலேயே தங்கள் அரசை இப்படி விமர்சித்திருக்கிறார்களே!" என்று வியக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. நானும் வியந்தவன்தான். மாணவப் பருவத்தில் ஒரு பழைய நூலகத்தின் கீழ்த்தளத்தில், தோல் உரிந்த கனத்த தொகுதிகளாக அவற்றை முதன்முதலில் புரட்டியபோது, இவர்களல்லவா சுதந்திரப் பத்திரிகைக்காரர்கள் என்று தோன்றியது. பல ஆண்டுகள் கழித்து மறுபடி புரட்டியபோது வேறொரு கேள்வி எழுந்தது: இந்தப் படத்தில் மனித முகம் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது? இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்விதான்.

'பஞ்ச்' 1841 ஜூலை 17 அன்று பிறந்தது. விலை மூன்று பென்ஸ். தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் எழுத்தாளர் ஹென்றி மேஹ்யூவும், மரச்செதுக்கு ஓவியர் எபனேசர் லாண்டெல்ஸும். பாரிஸில் வந்துகொண்டிருந்த 'ஷாரிவாரி' என்ற கேலி இதழைப் பார்த்து, தங்கள் இதழுக்கு 'லண்டன் ஷாரிவாரி' என்று துணைப்பெயர் வைத்துக்கொண்டார்கள். பஞ்ச் என்பவர் தெருவோரப் பொம்மலாட்டத்தில் வரும் கூனல் முதுகு, கொக்கி மூக்குக் கோமாளி. நம் தோல்பாவைக்கூத்தின் உச்சிக்குடும்பனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் தடி வைத்திருப்பார், எதிரே வருபவர்களையெல்லாம் சாத்துவார்.

'கார்ட்டூன்' என்ற சொல்லே இன்றைய பொருளில் இந்த இதழில் பிறந்ததுதான். முன்பு அது சுவரோவியம் தீட்டுவதற்கு முன்னால் கெட்டிக் காகிதத்தில் வரைந்துகொள்ளும் முழு அளவு மாதிரிப் படத்தைக் குறித்தது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் சுவர்களுக்காக அப்படி வரையப்பட்ட மாதிரிகளை 1843இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். நாட்டில் பஞ்சைப்பராரிகள் பட்டினி கிடக்கையில் சுவருக்குச் சித்திரமா என்று கேட்டு, கந்தல் உடுத்திய ஏழைகள் அந்தக் கண்காட்சியை வெறித்துப் பார்ப்பதாக ஜான் லீச் ஒரு படம் போட்டார். அதன் மேல் 'கார்ட்டூன் எண் 1' என்று அச்சிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்து நாம் அதிகம் பேசப்போகிற 'பஞ்ச்' ஓவியர் ஜான் டென்னியலே அந்த நாடாளுமன்றச் சுவர் ஒன்றில் ஓவியம் தீட்டியவர் என்பது கூடுதல் வேடிக்கை.

அதற்கு முந்தைய தலைமுறையில் ஜேம்ஸ் கில்ரே இருந்தார். 1805இல் அவர் வரைந்த படத்தில் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் ஒரு மேசையில் உட்கார்ந்து உலக உருண்டையைப் பலகாரம்போலக் கத்தியால் அறுத்துக்கொண்டிருப்பார்கள். கையால் வண்ணம் பூசி, கடையில் தனித்தாளாக விற்ற படங்கள் அவை. கொச்சையும் உண்டு, கொடூரமும் உண்டு. விக்டோரியா காலத்தில் அந்தக் கொச்சையெல்லாம் துடைத்தெடுக்கப்பட்டது. 'பஞ்ச்' வரவேற்பறை மேசையில் கிடக்க வேண்டிய இதழ். அம்மாவும் பெண்களும் புரட்டுவார்கள். ஆகவே படத்தில் ஓர் ஒழுங்கும் மிடுக்கும் வந்தன. கேலி என்பதைவிட, காவியத்திலிருந்து ஒரு காட்சி போல ஆகிவிட்டது. இதை நினைவில் வையுங்கள். கொச்சையாகத் திட்டுகிறவனிடம் நாம் எச்சரிக்கையாக இருப்போம். கம்பீரமாகப் பேசுகிறவனிடம்தான் ஏமாந்துபோவோம்.

இந்தப் படங்கள் எப்படித் தயாராயின என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓர் ஓவியர் தனியாக உட்கார்ந்து, உள்ளம் கொதித்து வரைந்தவை அல்ல அவை. புதன்கிழமைதோறும் ஆசிரியர் குழுவினர் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். சாப்பாடு முடிந்து சுருட்டுப் பற்றவைத்த பிறகு, வரும் வாரத்துப் பெரிய படம் எது என்ற விவாதம் தொடங்கும். யாரைச் சிங்கமாகப் போடுவது, யாரைக் கரடியாகப் போடுவது, கீழே என்ன வாசகம் என்று எல்லாமே கூடிப் பேசி முடிவாகும். டென்னியல் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். தமக்கென்று அரசியல் இருந்தாலும் அதை வெளியில் காட்டுவதில்லை, இதழின் அரசியல்தான் தம் அரசியல் என்பது அவருடைய நிலை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் மரக்கட்டையின் மேல் படத்தை, இடவலம் மாற்றி, வரைந்து முடித்துவிடுவார். கட்டை ஜோசப் ஸ்வெயினின் பட்டறைக்குப் போகும். அந்தக் கட்டை பல துண்டுகளைத் திருகாணி போட்டு இணைத்தது. அதைப் பிரித்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டு இரவெல்லாம் செதுக்குவார்கள். ஒருவர் சிங்கத்தின் பிடரியைச் செதுக்க, இன்னொருவர் வாலைச் செதுக்குவார். பிறகு மறுபடி முடுக்கிச் சேர்த்து அச்சேற்றுவார்கள். அடுத்த புதன்கிழமை இதழ் கடைக்கு வந்துவிடும்; மேலட்டையில் மட்டும் அந்தச் சனிக்கிழமைத் தேதி இருக்கும்.

ஆக, முடிவு செய்வதற்கும் கைக்கு வருவதற்கும் இடையில் முழுதாக ஒரு வாரம். இந்த ஒரு வாரம் ஒருமுறை அவர்கள் காலை வாரிவிட்டது.

சூடானின் கார்ட்டூம் நகரில் ஜெனரல் கோர்டன் கிளர்ச்சித் தலைவர் மஹ்தியின் படைகளால் பல மாதங்களாகச் சூழப்பட்டிருந்தார். அவரை மீட்கப் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு தயங்கித் தயங்கி ஒரு படையை அனுப்பியிருந்தது. படை நெருங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் 'பஞ்ச்' மேசையில் உற்சாகம். 1885 பிப்ரவரி 7 தேதியிட்ட இதழில் மீட்புப் படையைக் கோர்டன் எதிர்கொண்டு வரவேற்பதாகப் படம். தலைப்பு: 'கடைசியில் வந்தாயிற்று!' இதழ் கடைக்கு வந்த அதே வாரம், பிப்ரவரி 5 அன்று, கார்ட்டூம் ஜனவரி 26ஆம் தேதியே விழுந்துவிட்ட செய்தி லண்டனுக்கு எட்டியது. மீட்புப் படையின் படகுகள் இரண்டு நாள் பிந்திப் போயிருந்தன. கோர்டன் உயிரோடு இல்லை. அடுத்த வாரம் டென்னியல் வரைந்த படத்தில் பிரிட்டனின் பெண்ணுருவமான பிரிட்டானியா முகத்தை மறைத்துக்கொண்டு அழுகிறாள். தலைப்பு: 'காலம் கடந்துவிட்டது!'

நடக்காத சந்திப்பை நடந்ததாக வரைந்த பத்திரிகை, அடுத்த வாரமே அரசைப் பார்த்துப் பிந்திவிட்டாய் என்று கண்ணீர் விடுகிறது. இதில் பத்திரிகைத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல் இருக்கிறது. அது கிடக்கட்டும். நாடே கிளாட்ஸ்டனைத் திட்டியது. 'மாபெரும் முதியவர்' என்ற பொருளில் அவரை ஜி.ஓ.எம். என்று செல்லமாக அழைத்தவர்கள் எழுத்துகளைத் திருப்பிப்போட்டு எம்.ஓ.ஜி. என்றார்கள். கோர்டனைக் கொன்றவர் என்று பொருள். சூடானில் நமக்கு என்ன வேலை என்பது அந்தக் கூச்சலில் அனேகமாகக் கேட்கவே இல்லை. சண்டை முழுக்க 'ஏன் சீக்கிரம் போகவில்லை' என்பதைப் பற்றியதுதான்.

இப்போது 1857க்கு, சிப்பாய்க் கிளர்ச்சிக்குத் திரும்பலாம். நமக்கு நெருக்கமான படமும், டென்னியலுக்குப் பெயர் வாங்கித் தந்த படமும் அதுதான்.

1857 ஆகஸ்ட் 22. கான்பூரிலிருந்து கோரமான செய்திகள் லண்டனுக்கு வந்துகொண்டிருந்த நேரம். இந்தியாவிலிருந்து நேரடித் தந்தி அப்போது கிடையாது. செய்தி வந்து சேர வாரக்கணக்காகும். வரும் வழியில் வதந்தியும் சேர்ந்துகொள்ளும். கான்பூரில் சுமார் 200 ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை. அதற்கு மேல் கிளம்பிய சித்திரவதைக் கதைகள் பலவற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு நேரில் வந்து சுற்றிய 'டைம்ஸ்' நிருபர் வில்லியம் ஹவர்ட் ரஸ்ஸலுக்கே அவற்றின் மேல் ஐயம் இருந்தது. ஆனால் ஆகஸ்டில் ஐயப்பட யாருக்கும் பொழுதில்லை. 'வங்கப் புலியின் மேல் பிரிட்டிஷ் சிங்கத்தின் பழிவாங்கல்' என்று இரண்டு பக்கம் விரித்து ஒரு படம் வந்தது. கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண், குழந்தை. அவர்கள் மேல் ஒரு புலி. அந்தப் புலியின் மேல் பாய்கிறது சிங்கம்.

படத்தை ஓவியமாக மட்டும் பார்த்தால் அற்புதம். அந்தப் பாய்ச்சலில் உள்ள விசை இன்றும் நம்மை ஒரு கணம் பின்வாங்க வைக்கும். இப்போது நம் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். மனித முகம் யாருக்கு இருக்கிறது? தாய்க்கும் சேய்க்கும் மட்டும். கிளர்ந்தெழுந்த சிப்பாய் விலங்கு. அடக்கப்போகிற ஆட்சியும் விலங்கு. இரண்டு விலங்குகளுக்கு நடுவே அரசியல் ஏது? நிலவரி, அவத் ராஜ்ஜியத்தை இணைத்துக்கொண்டது, தோட்டாக் கொழுப்பு என்று எதுவும் புலிக்குப் பொருந்தாது. புலி ஏன் பாய்ந்தது என்று யாரும் விசாரணைக் கமிஷன் வைப்பதில்லை. சிங்கம் எப்படி வங்காளத்துக்கு வந்தது என்றும் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சிங்கம்-புலிச் சண்டை டென்னியல் கற்பனையில் திடீரென்று உதித்ததல்ல. அரை நூற்றாண்டுக்கு முன்பே அது உலோகத்தில் வார்க்கப்பட்டுவிட்டது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்தார். புலி அவருடைய சின்னம். வெற்றியைக் கொண்டாடக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. அதில் ஒரு சிங்கம் ஒரு புலியைக் கீழே தள்ளி அமுக்கிக்கொண்டிருக்கும். போரில் கலந்துகொண்ட எல்லோருக்கும் அந்தப் பதக்கம் உண்டு. பெரியவர்களுக்குத் தங்கம், அடுத்தடுத்து வெள்ளி, வெண்கலம், கடைசியில் சாதாரண வீரனுக்கு வெள்ளீயம். சென்னைப் படையின் சிப்பாய்களும் அந்த வெள்ளீயப் பதக்கத்தை மார்பில் மாட்டிக்கொண்டார்கள். அதாவது 1799இல் அவர்கள் சிங்கத்தின் பக்கம். 1857இல் வங்காளப் படையின் சிப்பாய்களே புலி ஆகிவிட்டார்கள். உருவகங்களுக்கு இப்படி ஒரு வசதி. யாரை எப்போது விலங்காக்குவது என்பது வரைபவர் கையில்.

செப்டம்பரில் 'நீதி' என்று இன்னொரு படம். நீதி தேவதை கையில் வாளோடு சிப்பாய்களைச் சிதைத்து மிதித்து முன்னேறுகிறாள். ஓரத்தில் இந்தியப் பெண்களும் குழந்தைகளும் ஒடுங்கி நிற்கிறார்கள். சிப்பாய்களுக்கு இங்கே மனித உடல் கிடைத்துவிட்டது, வெட்டுப்படுவதற்காக. அந்தக் கூட்டத்துப் பெண்ணின் கண்ணையும் ஆகஸ்ட் படத்துத் தாயின் கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருவருக்கும் ஒரே பயம்தான். ஆனால் ஒருத்திக்காகச் சிங்கம் பாய்கிறது. இன்னொருத்தி வெறும் பின்னணி.

கவர்னர் ஜெனரல் கானிங் ஜூலை 31 அன்று ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். ஆயுதமில்லாமல் பிடிபட்ட சிப்பாய்களையெல்லாம் கண்டபடி தூக்கில் போடாதீர்கள், கொலையில் ஈடுபட்ட ரெஜிமெண்ட் எது, ஈடுபடாதது எது என்று பிரித்துப் பாருங்கள் என்று சொன்ன, நிதானமான ஆணை. லண்டன் கொதித்தது. 'கருணை கானிங்' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். அக்டோபர் 24 இதழில் 'பஞ்ச்' அவரை, ஒரு சிப்பாயைச் சின்னப் பையன்போல அணைத்துத் தேற்றுபவராக வரைந்தது. சமர்த்தாக இருந்தால் உன்னைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட மாட்டார்கள், சரியா, என்கிற தோரணை. இதுவும் அரசின் கொள்கையைக் கேலி செய்யும் படம்தான். எதற்காகக் கேலி? போதுமான அளவு கொல்லாததற்காக. 'பஞ்ச்' அரசை விமர்சித்தது என்று யாராவது சொல்லும்போது, எந்தத் திசையிலிருந்து என்று நான் கேட்பது இதனால்தான்.

பிரதமர் டிஸ்ரேலியின் காலத்துக்கு வந்தால் படங்களில் இந்த ரத்தவாடை குறைந்து நகைச்சுவை மிகுகிறது. டென்னியலுக்கு அவர் முகம் வரப்பிரசாதம். 1875 நவம்பரில் எகிப்தின் ஆட்சியாளரான கெதிவின் கையிலிருந்த சூயஸ் கால்வாய்ப் பங்குகள் 1,76,602ஐ டிஸ்ரேலி வாங்கினார். விலை 40 லட்சம் பவுண்டு. நாடாளுமன்றத்தைக் கேட்கவில்லை, வங்கியாளர் ரோத்ஸ்சைல்டிடம் கடன் வாங்கி முடித்துவிட்டார். டிசம்பரில் வந்த படத்தில் அவர் கால்வாயின் சாவியோடு நிற்க, பின்னால் ஸ்பிங்ஸ் கண்ணடிக்கிறது. கல்லுக்கே குறும்பு வந்துவிட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்த டிஸ்ரேலியை எகிப்துக்குப் போன மோசேயாகக் காட்டும் தலைப்பில் உள்ள குத்தலையும் கவனிக்க வேண்டும். இந்தப் படத்தை நான் ரசிக்காமல் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கண்ணடிப்பு யாரைப் பார்த்து? வாசகரைப் பார்த்து. நல்ல பேரம் இல்லையா என்று.

1876 ஏப்ரல் 15. விக்டோரியா மகாராணிக்கு 'இந்தியாவின் சக்ரவர்த்தினி' என்ற பட்டம் சூட்டும் மசோதாவின்மீது பெரும் சர்ச்சை. டென்னியல் டிஸ்ரேலியை அலாவுதீன் கதையின் மந்திரவாதியாக்கினார். கதையில் அவன் பழைய விளக்குக்குப் புது விளக்கு என்று கூவிக்கொண்டு வருவான். படத்தில் டிஸ்ரேலி, பழைய கிரீடத்துக்குப் புதுக் கிரீடம் என்று ராணியிடம் நீட்டுகிறார். நம் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் குரல் உங்கள் காதில் கேட்கும். கதையில் விவரமில்லாமல் கைமாற்றப்படும் பழைய விளக்குதான் அசல் மந்திர விளக்கு. அதாவது, ராணியே ஏமாறாதே, உன் பழைய ஆங்கிலக் கிரீடம்தான் உயர்ந்தது, இந்தக் கீழைநாட்டுப் பகட்டு நமக்கு எதற்கு என்பது படத்தின் அறிவுரை. சக்ரவர்த்தினி என்ற சொல் ஐரோப்பியச் சர்வாதிகாரிகளின் வாடை வீசுகிறது என்பதே எதிர்த்தவர்களின் குறை. புதுக் கிரீடத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்குப் படத்தில் இடமில்லை.

விலையை யார் கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியும். மசோதா நிறைவேறியது. 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் கூட்டி, ராஜாக்களும் நவாபுகளும் யானைகளும் புடைசூழ அந்தப் பட்டத்தை அறிவித்தார். அந்த ஜனவரியில் சென்னை மாகாணம் எப்படி இருந்தது? 1876இல் மழை பொய்த்துவிட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வது அதைத்தான். அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்து, நிவாரண வேலை செய்பவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னாட்டிலும் தக்காணத்திலும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். சென்னைக் குதிரைப்படை அதிகாரியான ஹூப்பர் எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. கண்ணெடுத்துப் பார்க்க முடியாதவை.

'பஞ்ச்' பஞ்சத்தைத் தொடவே இல்லை என்று சொல்ல வரவில்லை.   லண்டன் மேயர் திரட்டிய நிதிக்கு அந்நாட்டு மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். அந்த இரக்கம் பொய்யல்ல. ஆனால் அக்காலத்து ஓவிய மரபில் பஞ்சம் என்றால் ஒரு பேய், ஓர் எலும்புருவம், வானத்திலிருந்து இறங்குவது. தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்ததையும் கூலி வெட்டப்பட்டதையும் எலும்புக்கூட்டின் உடம்பில் எங்கே வரைவது? டெல்லிக் கிரீடமும் சேலத்துப் பட்டினியும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும் என்று அந்தப் புதன்கிழமை மேசையில் யாருக்கும் தோன்றாதது தனிப்பட்ட கெட்ட எண்ணத்தால் அல்ல. அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் இரண்டும் வெவ்வேறு செய்திகள்.

இதற்கெல்லாம் விலக்காக ஒரு படத்தை நண்பர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் ஜூலுப் படை ஈட்டிகளோடு வந்து பிரிட்டிஷ் படையை நிர்மூலமாக்கியது. ஆங்கிலேயரும் அவர்கள் பக்கம் நின்ற ஆப்பிரிக்கரும் சேர்ந்து 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். மார்ச் 1 இதழில் 'ஒரு பாடம்' என்ற படம் வந்தது. ஜூலு வீரர் கரும்பலகையில் எழுதுகிறார், எதிரியை இளக்காரமாக நினைக்காதே என்று. இங்கிலாந்தின் உருவகமான ஜான் புல் பள்ளிப்பிள்ளையாக எதிரே உட்கார்ந்து படிக்கிறார். நான் அறிந்தவரையில், ஆளப்பட வேண்டியவர் என்று கருதப்பட்ட ஒருவர் நிமிர்ந்து நின்று ஆசிரியராகத் தோன்றும் அபூர்வமான படம் இது. மறுக்கவில்லை. ஆனால் அவர் நடத்தும் பாடம் என்ன? பிறர் நாட்டுக்குள் நுழையாதே என்பதல்ல. அடுத்த முறை சரியாக ஆயத்தம் செய்துகொண்டு வா என்பது. மாணவர் பாடத்தை நன்றாகவே கற்றார். ஜூலை 4 அன்று உலுண்டியில் ஜூலு தலைநகரம் எரிந்தது.

அயர்லாந்தைப் பற்றித் தனியாக ஒரு மாலையே பேச வேண்டும். சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன். கடல் தாண்டித் தொலைவிலுள்ள கறுப்பர், பழுப்பர் என்பதால்தான் விலங்காக வரைந்தார்கள் என்று நினைத்தால், பக்கத்து வீட்டு வெள்ளை அயர்லாந்துக்காரரும் தப்பவில்லை. 1882 மே மாதம் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் இரண்டு உயர் அதிகாரிகள் கொல்லப்பட்டதும், டென்னியல் 'ஐரிஷ் பிராங்கன்ஸ்டைன்' வரைந்தார். ரத்தம் சொட்டும் கத்தியோடு ஒரு பூதம், அதைப் படைத்துவிட்டுப் பயந்து ஒடுங்கும் தலைவர் பார்னெல். சாதாரண நாட்களிலும் அயர்லாந்துக் குடியானவரின் தாடை குரங்குத் தாடையாகத் துருத்திக்கொண்டிருக்கும். அயர்லாந்து என்ற நாடு மட்டும் ஹைபர்னியா என்ற அழகிய பெண், பிரிட்டானியா அக்காவின் தோளில் சாய்ந்து அழுவாள். மண் அழகி, மண்ணில் வாழ்கிறவன் குரங்கு. நிலத்தை வைத்துக்கொண்டு ஆளை வெறுக்க வேண்டியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சித்திரம் அமையாது.

பாடநூல்களில் நீங்கள் கட்டாயம் பார்த்திருக்கக்கூடிய ஒரு படம் பாக்கியிருக்கிறது. லின்லி சாம்போர்ன் 1892 டிசம்பர் 10 இதழில் வரைந்தது. ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியைப் பரப்பிய செசில் ரோட்ஸ் ஒரு காலைக் கெய்ரோவிலும் மறு காலைக் கேப் டவுனிலும் ஊன்றி ஆப்பிரிக்கா முழுவதும் கால் பரப்பி நிற்கிறார். விரித்த இரு கைகளிலும் தந்திக் கம்பி. கண்டத்தின் குறுக்கே தந்தி இழுக்கப்போவதாக ரோட்ஸ் அறிவித்ததை ஒட்டி வந்த படம். ரோட்ஸ் தீவில் பழங்காலத்தில் நின்ற பிரம்மாண்டச் சிலையையும் அவர் பெயரையும் இணைத்த சிலேடை. டென்னியல் மாடல் வைத்து வரையாதவர், நினைவிலிருந்தே வரைவார். சாம்போர்ன் நேர்மாறு. மனைவி, வேலைக்காரர், தெருப் போலீஸ்காரர் என்று கிடைத்தவர்களையெல்லாம் நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைவார். யாரும் கிடைக்காவிட்டால் தாமே வேஷம் போட்டு நிற்பார். இன்று ஏகாதிபத்தியப் பேராசையின் சின்னமாக அந்தப் படத்தை அச்சிடுகிறோம். வந்த காலத்தில் அதில் பாதி கிண்டல், பாதி வியப்பு. எனக்கு அந்தப் படத்தில் உறுத்துவது ரோட்ஸ் அல்ல, அவர் காலடியிலுள்ள ஆப்பிரிக்கா. வெறும் வரைபடம். ஓர் ஆள் இல்லை.

இந்தக் கட்டியங்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. பார்சிகள் பம்பாயில் 'பார்சி பஞ்ச்' தொடங்கினார்கள், பிறகு அது 'ஹிந்தி பஞ்ச்' ஆயிற்று. 1877இல், டெல்லி தர்பார் நடந்த அதே ஆண்டில், லக்னோவில் முன்ஷி சஜ்ஜாத் ஹுசைன் உருதுவில் 'அவத் பஞ்ச்' நடத்தத் தொடங்கினார். அவத் என்பது கம்பெனி விழுங்கிய அதே ராஜ்ஜியம். பெயரைக் கடன் வாங்கினார்கள், தடியையும் கடன் வாங்கினார்கள், யாரைச் சாத்துவது என்பதை மட்டும் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

தமிழுக்கு அது வந்து சேர 1906 ஆயிற்று. சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி கருத்துப்படங்களைப் போட்டார். தமிழ் இதழியலில் அரசியல் கார்ட்டூனுக்கு அதுவே தொடக்கம் என்பார்கள். வரைந்த கை வேறு, எண்ணம் பாரதியுடையது. படத்தைப் படிக்கப் பழகாத வாசகருக்காகப் பொருளையும் எழுதி விளக்கினார்கள். கார்ட்டூனுக்கு விளக்கமா என்று இன்று சிரிப்போம். அது சிரிக்கிற விஷயமல்ல என்று நினைக்கிறேன். 'பஞ்ச்' வாசகருக்குச் சிங்கம் யார், கரடி யார் என்று அரை நூற்றாண்டுப் பழக்கத்தில் தெரியும். இங்கே அந்த அகராதியையே புதிதாக எழுத வேண்டியிருந்தது.

இரண்டு இடத்திலும் கார்ட்டூன்காரர்களுக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். டென்னியலுக்கு 1893இல் சர் பட்டம் கொடுத்தார்கள். ஐம்பதாண்டு வேலைக்குப் பிறகு 1901 தொடக்கத்தில் அவர் ஓய்வுபெற்றார். ஜூனில் அவருக்கு ஒரு பெருவிருந்து நடந்தது. தலைமை தாங்கியவர் அடுத்த ஆண்டே பிரதமரான ஆர்தர் பால்ஃபர். நன்றி சொல்ல எழுந்த கிழவருக்குத் தொண்டை அடைத்து, பேச்சு வரவில்லை. கூடியிருந்தவர்கள் கைதட்டி அவரை உட்காரவைத்தார்கள்.

'இந்தியா' இதழுக்கு 1908இல் வேறு வகை மரியாதை. பதிவேட்டில் ஆசிரியராக இருந்தவர் கைதானார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். இதழும் பின்னாலேயே போய்ப் பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் அச்சேறியது. லண்டன் கோமாளி தன் துணைப்பெயரைப் பிரெஞ்சுக்காரரிடம் கடன் வாங்கினான் என்றால், தமிழ்க் கார்ட்டூன் தங்குவதற்கு இடத்தையே கடன் வாங்க வேண்டியிருந்தது. பிறகு பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதை விடக்கூடாது என்று தடை வந்தது. வாசகரில் பெரும்பாலோர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். 1910 மார்ச்சோடு இதழ் நின்றுபோயிற்று.